முதற் பிரதி பெறுபவர்

மூதூர்
10.06.2024

மச்சான் கலீலுர் றஹ்மான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். உறையைப் பிரித்ததும் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்திருப்பீர்கள். ஓர் எழுத்து பெரிசு, அடுத்தது சிறிசு. கோடு போட்ட தாளிலும் வரி மேலே ஏறி ஏறிப் போகிறது. குடாவைக் கடக்கிற லாஞ்சியில் கயிறு இழுத்த கை இது. பேனையையும் கயிறு என்று நினைத்து இறுக்கிப் பிடிக்கிறது.

ஓம், எழுதுவது நான்தான், அபூதாஹிர். உங்கள் தங்கச்சி சுஹைராவின் மாப்பிள்ளை. கையெழுத்துக் கேட்ட இடமெல்லாம் பெருவிரலை நீட்டிய அதே ஆள். போன வருடம் இங்கே வளர்ந்தவர்களுக்கு எழுத்து வகுப்புத் தொடங்கினார்கள். போய் உட்கார்ந்தால் நான் ஒருவன்தான் ஆண். "வாப்பா, இந்த வயசில என்னத்துக்குப் படிக்க வந்த நீங்க?" என்று பிரசாந்தினி டீச்சர் கேட்டார். "என்ட பொஞ்சாதி கதை எழுதுறா டீச்சர். அவ என்ன எழுதுறா எண்டு ஊராளுகளிட்டக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு" என்றேன். பெண்களெல்லாம் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இப்போது நான் கடை போர்ட் எல்லாம் வாசிக்கிறேன். பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் வாசித்துக்கொண்டு போவதால் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுகிறேன்.

அதைச் சொல்ல எழுதவில்லை. சுஹைராவின் கதைகள் புத்தகமாக வந்துவிட்டன, மச்சான்! பெயர் "நனைந்த கொடிக்கயிறு". ஞாயிறு பேப்பரில் வந்தவை, றேடியோவில் வாசித்தவை, இலக்கிய விழாவில் பரிசு எடுத்தது, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கதைகள். அவளுடைய கதை வந்த பேப்பரில் ஒருமுறை நான் கருவாடு சுற்றிக் கொடுத்துவிட்டேன், தெரியாமல். அந்தக் கதையையும் யாரிடமோ தேடி எடுத்துச் சேர்த்திருக்கிறாள். அட்டையில் அவள் பெயரை விரலால் தொட்டு நானே வாசித்தேன். சு, ஹை, ரா. பக்கத்தில் நின்றவள் வெட்கப்பட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

வெளியீடு அடுத்த மாதம் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அழைப்பிதழ் இதோடு வைத்திருக்கிறேன். முதற் பிரதி பெறுபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். அல்ஹாஜ் என்றும், அரிசி ஆலை உரிமையாளர் என்றும் சரியாக அச்சடித்திருக்கிறார்கள். உங்களைக் கேட்காமல் செய்தது பிழைதான். ஆனால் என் நம்பரைக் கண்டால் நீங்கள் போனை எடுப்பதில்லையே. அழைப்பிதழ்களை மூதூர், கிண்ணியா, தோப்பூர் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டேன்.

உங்கள் உம்மாவின் மையித்தை அடக்கிய நாளோடு நமக்குள் கதை பேச்சு நின்றது. ஐந்து வருடமாகிறது. உங்கள் பெயரைப் பார்த்ததும் சுஹைரா கார்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொருமுறை வாசித்தாள். "காக்கா வாறன் எண்டாரா?" என்று கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வருவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன்.

உங்கள் மச்சான்,
அபூதாஹிர்

*

தோப்பூர்
17.06.2024

மச்சான் அபூதாஹிர் அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீங்கள் எழுதப் படித்தது சந்தோஷம். அதை இப்படி என்மேலா தொடங்க வேண்டும்?

உங்கள் அழைப்பிதழ் தபாலில் வருவதற்கு முன்பே, ஜும்ஆ முடிந்து வரும்போது பள்ளிவாசல் வாசலில் ஒருவர் என் கையில் கொண்டுவந்து தந்து, "ஹாஜியார், நல்ல வேலை செய்யிறீங்க" என்று வாழ்த்தினார். என் பெயரை நானே அங்கேதான் வாசித்தேன். சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

அந்தப் புத்தகத்தில் "மில் சத்தம்" என்று ஒரு கதை இருக்கிறதாமே. கடற்கரையில் இருந்த தாயை மகன் கடலில்லாத ஊருக்குக் கூட்டிப்போய், கேற்றைப் பூட்டி வைக்கிறானாம். தாய் மில் ஓடும் சத்தத்தைக் கேட்டு, கடல் இரைகிறது என்று சொல்கிறாளாம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அச்சகத்தில் தந்த தாள்களைக் கொண்டுபோய்த் தேத்தண்ணிக் கடையில் இருந்து நீங்கள்தான் சத்தம் போட்டு வாசித்தீர்களாம். மூதூரில் தொடங்கிய கதை மூன்றாம் நாள் என் மில்லில் நெல் இறக்குகிறவனின் வாயில். அவன் என்னைக் கண்டதும் வாயை மூடினான். அது போதும் எனக்கு.

நான் அந்தக் கதையை வாசிக்கவில்லை. வாசிக்கவும் மாட்டேன். உம்மா கடைசியில் என் பெயரையே மறந்திருந்தார். அவரைக் கழுவியவள் என் பொஞ்சாதி ஸாலிஹா, உடுப்பு மாற்றியவள் ஸாலிஹா. சுஹைரா பெருநாளைக்கு வந்து பக்கத்தில் இருந்து அழுதுவிட்டுப் போவாள். கேற்றைப் பூட்டினேன், ஓம். பூட்டாவிட்டால் கடலுக்குப் போகிறேன் என்று லொறி வருகிற வீதியில் இறங்கி நடப்பார். ஒரு நாள் லொறிச் சில்லுக்கு முன்னால் இருந்து தூக்கி வந்தவன் நான். அது கதையில் இருக்கிறதா?

என் பெயரை எடுத்துவிடுங்கள்.

கலீலுர் றஹ்மான்

*

மூதூர்
23.06.2024

மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக வாசித்தேன். எழுத்துச் சேர்ந்து சேர்ந்து இருந்ததால் மட்டும் அல்ல. ஒவ்வொரு வரிக்கும் எழுந்து முற்றத்தில் நடந்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக முடிந்தது. சுஹைராவிடம் காட்டவில்லை. "காக்காட கடிதமா? என்னவாம்?" என்றாள். "வருவாராம், உடம்புதான் கொஞ்சம் சரியில்லையாம்" என்றேன். உடனே உங்களுக்கு இஞ்சி போட்டுக் குடிக்கச் சொல்லி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

தேத்தண்ணிக் கடையில் வாசித்தது உண்மை. பழகத்தான் வாசித்தேன். வாய்க்குள் வாசித்தால் எனக்கு எழுத்துக் கலங்கிவிடும், சத்தமாகத்தான் வரும். கடைக்கார முனாப் காக்கா சர்பத் போத்தலைக் கழுவுவதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். வேறு ஆட்களும் கூடினார்கள். என் மனைவியின் கதையை நான் வாசிக்க ஊர் கேட்கிறது என்ற பெருமையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த மகன் யாரென்று அவர்கள் தங்களுக்குள் கதைத்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஆனால் நான் வாசித்தது பாதிதான், மச்சான். அதற்குள் அஸருக்குப் பாங்கு சொல்ல எல்லாரும் எழும்பிவிட்டார்கள். ஊரில் சுற்றுவது அந்தப் பாதிக்கதை. மீதியை வீட்டில் வந்து வாசித்தேன். கேற்றைப் பூட்டிய மகன் உள்ளே போகிறவன் இல்லை. பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றுக்கு வெளியே நிற்கிறான். வேலைக்கும் போக ஏலவில்லை, திறக்கவும் ஏலவில்லை. லொறியும் கதையில் இருக்கிறது. தாயைத் தூக்கி வந்தவன் அவளின் காலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டதையும் எழுதியிருக்கிறாள். வாசித்தபோது எனக்கு அந்தத் தாயைவிட அவன்மேல்தான் பாவமாக இருந்தது. நீங்கள் ஒருமுறை வாசியுங்கள். அல்லது ஸாலிஹா ராத்தாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுஹைரா இப்போது நாவல் எழுதுகிறாள். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக லாஞ்சி ஏறுகிற ஒரு பெண்ணின் கதை. சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் தேத்தண்ணி ஆறுவது தெரியாமல் எழுதுகிறாள். கயிறு கட்டுவது எப்படி, கடல் குழம்பினால் சனங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று என்னிடம்தான் கேட்கிறாள். உங்கள் பெயரைக் கார்டில் பார்த்த நாளில் இருந்துதான் இந்த வேகம். எழுதுகிற ஆளுக்குப் பெரிசாக ஒன்றும் வேண்டாம். உன் எழுத்தை நாங்கள் பார்த்தோம் என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னால் போதும். இந்த ஊரில் அவளுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. சொல்கிறவர்களும் "வீட்டில வேலை இல்லையா ராத்தா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நீங்கள் வராவிட்டால் விழா நடக்கும். ஆனால் அவள் எழுத மாட்டாள். அது எனக்குத் தெரியும்.

அபூதாஹிர்

*

தோப்பூர்
01.07.2024

மச்சான்,

பெயரை எடுக்க இனி ஏலாது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் வராமல் விட்டால், கதை உண்மை, அதனால்தான் ஹாஜியார் வரவில்லை என்பார்கள். வந்தால், கதையையும் வாங்கிக்கொண்டு போகிறார் என்பார்கள். இரண்டு பக்கமும் என்னை நீங்கள்தான் கட்டிவிட்டீர்கள். கயிற்று வேலை தெரிந்தவர் அல்லவா.

வருகிறேன். ஆனால் என் கையில் தரும் புத்தகத்தில் அந்தக் கதை இருக்கக்கூடாது. என் உம்மாவைப் பற்றி எழுதிய தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போட்டோவுக்குச் சிரிக்க மாட்டேன். மற்றப் புத்தகங்களை நீங்கள் என்னவும் செய்யுங்கள். எனக்குத் தருகிற அந்த ஒன்றில் இருக்கக்கூடாது. சுஹைராவுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கட்டும்.

முடியும் என்றால் எழுதுங்கள். நீங்கள் ஓம் என்று எழுதினால் நான் வருவேன்.

ஸாலிஹாவை வாசிக்கச் சொல்ல மாட்டேன். அவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருப்பதே நல்லது.

கலீலுர் றஹ்மான்

*

மூதூர்
07.07.2024

மச்சானுக்கு,

ஓம்.

சுஹைரா மையித்து வீடொன்றுக்குப் போன நேரம் பார்த்துச் செய்தேன். புது சவரப் பிளேட் வாங்கினேன். தைத்த இடத்தோடு ஒட்டி, மெதுவாக. ஒவ்வொரு தாளையும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை வாசித்தேன். வாசிக்காமல் வெட்ட மனது வரவில்லை. வெட்டிய இடத்தில் புத்தகம் கொஞ்சம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன்மேல் அம்மிக் குழவியை வைத்து அமத்தியிருக்கிறேன். இப்போது பார்த்தால் தெரியாது.

பன்னிரண்டு கதையில் ஒன்று குறைந்தால் பதினொன்று இருக்கிறது, ஆனால் அவளுக்குக் காக்கா ஒருவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுஹைரா உங்களுக்குப் போர்த்தப் பொன்னாடை எடுத்துவிட்டாள். பச்சை நிறம். உங்களுக்குப் பச்சை பிடிக்கும் என்றாள். வாருங்கள்.

அபூதாஹிர்

*

மூதூர்
29.07.2024

மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் போட்டோ எடுத்து முடிந்ததும் போய்விட்டீர்கள். உங்களோடு வந்தவர்களும் எழும்பினார்கள். நீங்கள் வருவதால் வந்த மூதூர் ஆட்களும் எழும்பினார்கள். நூலைப் பற்றிப் பேச நகரத்தில் இருந்து வந்த கனகசுந்தரம் சேர், வகுப்புப் பெண்களையும் வெறும் கதிரைகளையும் பார்த்துத்தான் பேசினார். நல்லாகத்தான் பேசினார். வந்தவர்களுக்குத் தின்னக் கொடுக்க எடுத்த பற்றீஸ் பெட்டி பெட்டியாக மிஞ்சிவிட்டது.

மேடையில் நடந்ததை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். ஆனால் என்ன நடந்தது என்று உங்களுக்கு விளங்கியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

முதற் பிரதியில் எழுத்தாளர் கையெழுத்து வைத்துக் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் வைத்தால் முடிந்தது வேலை. அவள் முன்பக்கத்தில் வைக்கவில்லை. பேனையைத் திறந்து பிடித்துக்கொண்டு நடுப் பக்கங்களைப் புரட்டினாள். முன்னுக்குப் போனாள், திரும்பப் பின்னுக்கு வந்தாள். பொருளடக்கத்தைப் பார்த்தாள். அதில் "மில் சத்தம்" இருக்கிறது, பக்க நம்பரும் இருக்கிறது. அதை வெட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு விரலை அந்த இடத்தில் விட்டுத் தடவினாள். வெட்டிய ஓரம் விரலில் பட்டிருக்கும். நான் கீழே முதல் வரிசையில் இருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அறிவிப்புச் செய்த தம்பி, "எழுத்தாளருக்கு ஆனந்தத்தில் கை ஓடவில்லை" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். அவள் பேனையை மூடிவிட்டு, கையெழுத்து வைக்காமல், சிரித்துக்கொண்டு புத்தகத்தை உங்களிடம் தந்தாள்.

அந்தக் கதை முடிகிற இடத்தில், "காக்காவுக்கு" என்று எழுதிக் கையெழுத்து வைக்க நினைத்திருந்தாளாம். உங்களுக்காகத்தான் அதை எழுதினாளாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. பிரசாந்தினி டீச்சரிடம் முதல்நாள் சொல்லியிருக்கிறாள். டீச்சர் விழா முடிந்து எனக்குச் சொன்னார், நான் அறிந்து சந்தோஷப்படட்டும் என்று.

வீட்டுக்கு வந்து சாரியை மாற்றிவிட்டுக் கேட்டாள்.

"இத நீங்களா செஞ்ச?"

"ஓம்."

"வாசிச்சிட்டா வெட்டின?"

"ஓம். வாசிச்சிட்டுத்தான்."

"அப்ப சரி" என்றாள்.

காக்கா கேட்டதற்காகத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவளுக்கு நீங்களும் இல்லாமல் போவீர்கள். சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

சுபஹ் தொழுகிறாள், தேத்தண்ணி ஊற்றுகிறாள், சூடாகக் குடித்து முடிக்கிறாள். என்னோடு கோபம் இல்லை. சோறு போடுகிறாள், கதைக்கிறாள், பிரஷர் குளிசையை எடுத்துத் தருகிறாள். எழுதுவது மட்டும் இல்லை. நாவலில் அந்தப் பெண் பிள்ளையோடு லாஞ்சியில் ஏறிவிட்டாள். லாஞ்சி நடுக்குடாவில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் தாளை எடுத்துப் பார்க்கிறேன், அதே வரியில்தான் நிற்கிறது.

நீங்கள் வந்து, வாசித்தேன் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். நான் கேட்பது அதுதான்.

அபூதாஹிர்

*

தோப்பூர்
09.08.2024

மச்சான் அபூதாஹிர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஸாலிஹா வெளியீட்டு மண்டபத்தில் ஒரு புத்தகம் வாங்கி வந்து அலுமாரிக்குள் வைத்திருந்திருக்கிறா. உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு எடுத்தா. "இருங்க, வாசிக்கிறன், கேளுங்க" என்றா. இருந்தேன்.

உம்மா என் பெயரை மறந்துவிட்டு, "தம்பி, நீங்க யாருட மகன்?" என்று கேட்கிற இடம் வந்தது. அப்படித்தான் கேட்டார். அதே சொல். அது சுஹைராவுக்கு எப்படித் தெரிந்தது? அப்போது நானும் உம்மாவும் மட்டும்தான் முற்றத்தில் இருந்தோம். நான் யாருக்கும் சொல்லவில்லை. எழும்பி மில்லுக்குப் போய்விட்டேன். ஸாலிஹா புத்தகத்தோடு பின்னால் வந்தா. மெஷினைப் போடச் சொன்னேன். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

முடிவு வரை கேட்க என்னால் ஏலாது. வாசித்தேன் என்று பொய் சொல்லவும் ஏலாது. வந்து அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? இந்த விஷயம் இதோடு இருக்கட்டும். நீங்கள் எனக்குச் செய்த உதவியை மறக்க மாட்டேன், ஆனால் இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

சுஹைராவுக்கு ஸலாம் சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

கலீலுர் றஹ்மான்

*

மூதூர்
26.08.2024

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இப்போதுதான் எழுதப் படித்தவனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

உங்கள் ஸலாமைச் சொன்னேன். வேண்டாம் என்றதையும் சேர்த்துச் சொன்னேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு, "மில் ஓடுதாமா?" என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன். அவ்வளவுதான்.

புத்தகம் வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதினேன். நீங்கள் வாசித்த கதையைப் பற்றி எழுத்தாளருக்கு ஒரு வரி எழுதுங்கள், அவள் கையில் கிடைத்தால் நல்லம் என்று. தம்பலகாமத்துக்கும் எழுதினேன், கிண்ணியாவுக்கும் எழுதினேன். கனகசுந்தரம் சேருக்கும் எழுதினேன். பதில் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். முனாப் காக்கா மட்டும் கடைக்கு வரச்சொல்லி, மீதிக் கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்ப அந்த மகன் நல்லவன் தானே" என்றார். அவருக்கு எழுதத் தெரியாது. சுஹைராவிடம் வந்து சொல்லுங்கள் என்றேன். "பொம்பிளையிட்டப் போய் நான் என்னண்டு சொல்லுற?" என்று வெட்கப்பட்டார்.

மிஞ்சிய புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. கறையான் வராமல் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

நேற்று அவளுடைய மேசையில் புதுத் தாள் கட்டொன்றைப் பிரித்து, பேனையும் வைத்துவிட்டு, பார்க்காதவன் போல முற்றத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் தாள் கட்டு என் கதிரையில் இருந்தது. "இஞ்சேருங்க, இது உங்களுக்கு. எனக்கு இனித் தேவையில்ல. நீங்கதானே இப்ப எழுதுற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

அதனால் இந்தக் கடிதம் அவளுடைய தாளில் எழுதுகிறேன். கோடு இல்லாத தாள். வரி இன்னும் கூடுதலாக ஏறுகிறது.

நீங்கள் புத்தகத்தைத் திறக்க மாட்டீர்கள். மெஷினைப் போட்டுக் காதையும் மூடிவிடுவீர்கள். ஆனால் என் கடிதங்களை வாசிக்கிறீர்கள், பதிலும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே "மில் சத்தம்" கதையை என் கையால் பார்த்து எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக உங்களுக்கு அனுப்பப் போகிறேன். நீங்கள் எழும்பிப்போன இடத்தில் இருந்து தொடங்குகிறேன். ஒரு கிழமைக்கு ஒரு பக்கம் என் கைக்கு முடியும். அதனால் சுஹைரா திரும்ப எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கணக்கு என் மனதில் இல்லை. அவள் உங்களுக்கென்று எழுதியது உங்களிடம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கிழித்துப் போட்டாலும் நான் அதற்கடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கு விரல் விறைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை தபாலில் முதலாவது பக்கம் வரும்.

உங்கள் மச்சான்,
அபூதாஹிர்